பெட்டிக்குள் வந்த ஞாயிறுகள்

1723இல் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைக்குப் பொறுப்பேற்ற யோஹான் செபாஸ்டியன் பாக், முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாராவாரம் ஒரு புதிய கன்டாட்டாவை எழுதிப் பாட வைத்தார். சுவிசேஷ வாசகம் முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்குமுன் வரும் இருபது, இருபத்தைந்து நிமிட இசை அது. அன்றைய வாசகத்தின் பொருளையே அது விரித்துப் பாடும். அந்த ஞாயிறு கடந்துவிட்டால் அதன் வேலையும் முடிந்துவிடும்.

பாக்கின் தேவாலயக் கன்டாட்டாக்களில் சுமார் 200 எஞ்சியிருக்கின்றன. இசை நடத்துநர்கள் நிக்கோலாஸ் ஹார்னன்கூர், குஸ்தாஃப் லியோன்ஹார்ட் இருவரின் பொறுப்பில் டெலிஃபுங்கன் நிறுவனம் 1971 முதல் அவற்றை எல்பி தட்டுப் பெட்டிகளாக வெளியிட்டது. பணி நிறைவடையப் பல ஆண்டுகள் ஆயின. பாக் காலத்துக் கருவிகள், பெரும்பாலும் பெண்குரலுக்குப் பதில் சிறுவர் குரல், பெட்டிக்குள் பாடல்வரிகளோடு இசைக்குறிப்பும். பழைய இசைத்தட்டுக் கடைகளில் அந்தப் பெட்டிகளைத் தேடுவோர் இன்றும் உண்டு.

ஒரு சபை ஒரு குறிப்பிட்ட நாளில் எழுப்பிய வேண்டுதல், ஒருவர் வீட்டில் செவ்வாய்க்கிழமை இரவு சுழலும்போதும் வேண்டுதல்தானா?

முதல் பெட்டியிலேயே சிக்கல் தெரிகிறது. வோல்ஃப்காங் ஷ்மீடர் 1950இல் வெளியிட்ட பாக் படைப்புகளின் பட்டியலின் எண்வரிசைப்படி அதில் நான்கு கன்டாட்டாக்கள். முதலாவது மார்ச் 25க்கு உரியது, அடுத்தது ஜூன் மாதத்தில் பாடப்பட்டது, மூன்றாவது ஜனவரிக்கு, நான்காவது ஈஸ்டருக்கு. தேவாலய ஆண்டு கலைந்து எண்களாகிவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு மௌனம். திருவருகைக் காலத்தின் கடைசி மூன்று ஞாயிறுகளிலும், மார்ச் 25 நீங்கலாக லெந்து காலத்திலும் லைப்சிக்கில் கன்டாட்டா கிடையாது. திருவருகைக் காலத்தின் அந்த விரதத்துக்குப் பிறகுதான் கிறிஸ்துமஸ் காலை எக்காளமும் முரசும் ஒலிக்கும். பழைய கருவிகளால் பழைய ஒலியைத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்காக ஏங்கிக் காத்திருந்த காதுகளை எந்தப் பெட்டியிலும் வைத்துத் தர முடியாது.

ஆனாலும் தட்டு தரும் ஒன்றை லைப்சிக் சபை அறிந்ததில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணிநேரத்துக்கும் மேல் நீண்ட ஆராதனையில், அச்சிட்ட வரிகளைக் கையில் வைத்திருந்தும், அவர்கள் ஒரு கன்டாட்டாவை அன்று ஒரேயொரு முறைதான் கேட்டார்கள். தட்டுக்காரருக்கோ, விசுவாசி ஒரே சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப ஓதுவதுபோல, அதனுள் தங்கியிருக்க முடிகிறது. 1727 பிப்ரவரி 2க்காக எழுதப்பட்ட 82ஆம் கன்டாட்டாவில், குழந்தை இயேசுவைக் கண்டுவிட்ட முதியவர் சிமியோனின் மனநிலையில் நின்று ஒரு குரல் சாவை மகிழ்ச்சியோடு வரவேற்கிறது. கடவுளை நம்பாதவரும் அதைக் கேட்டு முடிக்கும்வரை தன்னைச் சிமியோனுக்கு ஒப்புக்கொடுத்தாக வேண்டும்; இல்லையெனில் அந்த மகிழ்ச்சி புரியவே புரியாது. அதை விசுவாசம் என்று சொல்ல முடியாது. வெறும் ரசனை என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல.

சிலர் பெட்டியின் எண்வரிசையை ஒதுக்கிவிட்டு, தேவாலய நாட்காட்டியைப் பார்த்து, அந்தந்த ஞாயிறுக்கு உரிய தட்டை மட்டும் எடுக்கிறார்கள். எந்தச் சபையும் அவர்களை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. லைப்சிக்வாசிக்கு அந்த ஒழுங்கு ஊர் வழக்கம். இவர்களோ அதைத் தாங்களே விரும்பி ஏற்கிறார்கள்.