தொண்டும் கடனும்

தொண்டு செய்யப் புகுவோர் பணத்தைக் கணக்கிடலாமா? கணக்கிட்டே தீரவேண்டும் என்பது நமது துணிபு.

நியூயார்க்கில் 1898ஆம் ஆண்டு கோடைக்காலப் பயிற்சியாகத் தோன்றிய சமூகப்பணிக் கல்வி, இன்று அமெரிக்காவெங்கும் முதுகலைப் பட்டமாக வளர்ந்துள்ளது. அங்கீகாரம் பெற்ற கல்லூரி எதுவாயினும், பட்டத்திற்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி உண்டு. பெரும்பாலும் அதற்கு ஊதியமில்லை.

மாணவர் ஒருவருக்கு இரு கல்லூரிகள் இடமளிக்கின்றன என்று கொள்வோம். புகழ்மிக்க ஒன்று ‘உதவி’ என நீட்டுவதிற் பெரும்பகுதி கடன். எளிய மற்றொன்று தருவதோ திருப்பிக் கேளாத நன்கொடை. உதவியென்று பெயரிட்டதனால் கடன் வட்டி கேளாது ஒழியுமோ?

புகழ்மிக்க கல்லூரியில் நல்லாசிரியர் இருப்பர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கடன் சுமந்து வெளிவருபவர், ஏழையர் நடுவே குறைந்த ஊதியத்திற்குப் பணிபுரிய விரும்பினும் இயலாது தவிப்பார். யாருக்குத் தொண்டு செய்வது என்பதை அவர் நெஞ்சமன்று, கடனே முடிவுசெய்யும். பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை செலுத்தினோர்க்கு, எஞ்சிய அரசுக் கடனைத் தள்ளிவிடும் சட்டம் 2007இல் வந்தது உண்மையே. ஆனால் அதுவும் பத்தாண்டுக் கட்டு அன்றோ?

ஆதலின் அன்பர்களே, கல்லூரியின் பெயரை வினவுமுன், எவ்வளவு கடனோடு வெளியேறுவோம் என்று வினவுங்கள். அது தன்னலமன்று, நாளை நம்மை நாடிவரும் ஏழைக்கு நாம் இன்றே செய்யும் தொண்டு.