மதகருகே ஒரு சாட்சி

செங்கற்பட்டிலிருந்து தெற்கே பாலாற்றுப் பாலத்தைக் கடந்து சென்றால் சிறிது தூரத்தில் படாளம் வரும். இன்று அவ்வழியே விரைந்து செல்வோர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும், கரும்பு ஏற்றிய வண்டிகளையும் கண்டு செல்வர். எங்கள் சிறுவயதில் அவ்வட்டாரத்து வாழ்வை ஆண்டது ஏரித் தண்ணீர். ஏரி நிறைந்த ஆண்டில் எல்லாரும் நல்லவர்கள். ஏரி பாதியில் வற்றிய ஆண்டில்தான் மனிதனுக்குள் இருக்கும் மனிதன் வெளியே தெரிவான்.

அத்தகைய ஆண்டுகளில் ஊரார் நம்பியிருந்தது ஓர் ஏழை மனிதரை. கம்புகட்டி என்பது அவர் பெயரன்று. அவர் செய்த தொழிலின் பெயர். மதகைத் திறப்பதும், மூடுவதும், யாருடைய வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறைப்படி விடுவதும் அவர் வேலை. கூலி, களத்து மேட்டில் அளந்து தரும் நெல். அவருக்கென்று ஒரு காணி நிலமும் கிடையாது. தண்ணீரில் சொந்தப் பங்கு இல்லாதவரிடம் தண்ணீரை ஒப்படைப்பதே நியாயம் என்று அந்நாளைய பெரியோர் கண்டிருந்தனர்.

ஒரு கோடையில் எங்கள் பாட்டனாருடைய முறையன்று இரவில் யாரோ வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். பயிர் வாடியது. பாட்டனார் ஊர்க் கூட்டத்தில் முறையிட்டார். பக்கத்து வயல்காரர்மீதே அவருக்குச் சந்தேகம். கம்புகட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் பெருநாள்தோறும் உணவு பெற்றவர். அவர் மகளின் திருமணத்திற்குப் பாட்டனார் உதவியிருந்தார். அவர் சொன்னார்: "அடைச்சது அவருதான் பாய். ஆனா அதுக்கு ரெண்டு ராத்திரி முன்னால நீங்களும் முறை தப்பி ஒரு நாழிகை தொறந்து வெச்சிருந்தீங்க. அதையும் சொல்லணுமில்ல?"

பாட்டனார் அன்று வீடு திரும்பும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அறுவடை முடிந்ததும் கம்புகட்டிக்குரிய நெல்லை அவரே முன்னின்று அளந்தார். ஒரு மரக்கால் கூடுதலாகவே அளந்ததாகப் பாட்டியார் பின்னாளில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கையில் ஆயுதமில்லாத, தண்டிக்க அதிகாரமில்லாத ஒரு சாட்சியின் மதிப்பு என்ன? இக்கேள்வி எழும்போதெல்லாம் அந்த மனிதரின் முகமே என் நினைவில் வருகிறது. நம் கடலுக்கு அப்பால், நம் மொழியையே பேசும் மண்ணில், ஆறாண்டுக் காலம் இதே கேள்வி ஒரு நாட்டின் விதியாக நின்றது.

2002 பிப்ரவரி 22 அன்று இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகியது. இடையில் நின்று இணைத்தது நார்வே. உடன்பாடு காக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்காக இலங்கைக் கண்காணிப்புக் குழு அமைந்தது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதில் பணியாற்றினர். அவர்களிடம் துப்பாக்கி இல்லை. எந்தப் படையையும் தடுத்து நிறுத்தும் உரிமையும் இல்லை. சென்று பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம், இது மீறல், இது மீறலன்று எனத் தீர்ப்புரைக்கலாம். அவ்வளவே. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டங்களிலும் உள்ளூர்க் குழுக்கள் அமைக்க ஒப்பந்தம் வழி செய்தது. ஒவ்வொரு குழுவிலும் ஐவர்: அரசு நியமிப்போர் இருவர், புலிகள் நியமிப்போர் இருவர், தலைமைக்கு அயல்நாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர்.

இந்த ஏற்பாட்டைச் சற்று உற்று நோக்குவோம். தராசுக்குத் தட்டுகள் இரண்டு. ஆனால் கிழக்கு இலங்கையில் வாழ்ந்த சமூகங்கள் மூன்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அம்மக்களுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துமில்லை. அக்குழுக்களில் தமக்கெனத் தனி இடமுமில்லை. 2002 ஏப்ரலில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சிக்குச் சென்று பிரபாகரனுடன் ஓர் உடன்பாடு கண்டார். ஆயினும் அதே ஆண்டு ஜூனில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் கலகம் மூண்டது. இரு தரப்பாருக்கு நடுவே நிற்பதுதான் நடுநிலை எனக் கொண்டால், அவ்விரு தரப்பிலும் சேராதவன் எங்கே நிற்பான்? சாட்சி உண்மையே பேசலாம். ஆனால் அவனிடம் கேட்கப்படும் கேள்வியிலேயே ஒருவன் விடுபட்டிருந்தால், அந்த உண்மையிலும் அவன் விடுபட்டே போவான். கண்காணிப்பு முறைக்கு இது முதல் பாடம்.

இரண்டாம் பாடம் எண்ணிக்கை பற்றியது. 2007 ஏப்ரல் இறுதிவரை அக்குழு தீர்ப்புரைத்த மீறல்களில் புலிகள்மீது 3,830, அரசுமீது 351. இந்த இரு எண்களையும் ஏந்திக்கொண்டு உலகெங்கும் வழக்காடினார்கள். ஒரு சாரார் இதுவே முழு உண்மை என்றனர். மறு சாரார் இது முழுப் பொய் என்றனர். இரண்டும் பிழை. புலிகள்மீது பதிவானவற்றுள் பிள்ளைகளைப் படையில் சேர்த்தவை மிகுதி. ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் அழுத ஒரு தாய் இருந்தாள். அந்த எண்ணைத் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எண்ணுவது வேறு; எடை போடுவது வேறு. கரும்பு வண்டிகளை எண்ணிப் பார்த்து விலை கொடுக்கும் ஆலை எங்கும் கிடையாது. எடைமேடையில் ஏற்றிய பின்னரே விலை. ஒரு சோதனைச் சாவடியில் நடந்த தொல்லையும் ஒரு மீறல். ஒரு வீட்டு முற்றத்தில் பலர் மாண்டதும் ஒரு மீறல். பட்டியல் இரண்டையும் ஒவ்வொரு கோடாகவே எழுதும். அதை நிறுத்துப் பார்ப்பது சாட்சியின் கடமையன்று; சாட்சியம் கேட்பவனின் கடமை.

அதற்குச் சான்று வேண்டுவோர் 2006ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்க. அந்த மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளான ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியவற்றின் கண்காணிப்பாளர்கள் இனி வேண்டாம் எனப் புலிகள் சொல்லிவிட்டனர். செப்டம்பருக்குள் அவர்கள் வெளியேற, நார்வே, ஐஸ்லாந்து நாட்டவர் சிலரே எஞ்சினர். இதற்கிடையே ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாறு மதகு மூடப்பட்டது. மூடியது புலிகள். கீழே பல்லாயிரம் உழவர் குடும்பங்களின் வயல்கள் காய்ந்தன. அரசு வான்படையையும் பீரங்கியையும் அனுப்பியது. ஆகஸ்டு 6 அன்று, கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருந்த ஸ்வீடன் நாட்டு உல்ப் ஹென்ரிக்சன், மதகைத் திறக்கச் செய்வதற்காகப் புலிகளின் பிரதிநிதியுடன் அங்கே சென்றார். அவர் நெருங்கிய வேளையில் அருகே பீரங்கிக் குண்டுகள் வந்து விழுந்தன. அவர் திரும்பினார்.

இச்செய்தியை நான் படித்தபோது எங்கள் ஏரிக்கரை கண்முன் வந்தது. அங்கும் ஒரு மதகு. இங்கும் ஒரு மதகு. அங்கும் ஆயுதமற்ற ஒருவர்; இங்கும் ஆயுதமற்ற ஒருவர். எங்கள் கம்புகட்டியின் சொல் நின்றது. ஹென்ரிக்சனுடைய சொல் ஏன் நிற்கவில்லை? கம்புகட்டியின் கையில் எந்த வலிமையும் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஊர்க் கூட்டம் இருந்தது. அவர் பொய்யன் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் எவரும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. கண்காணிப்பாளருக்குப் பின்னால் அப்படி ஓர் ஊர் இல்லை. உலகம் என்ற பேரூர் இருக்கிறது என்று எண்ணினோம். அது அன்று வேறு வேலையாக இருந்தது.

அதே நாட்களில் மூதூர் எரிந்தது. புலிகள் நகருக்குள் நுழைய, அரசுப் படை குண்டு வீச, நடுவில் சிக்கிய முஸ்லிம்கள் ஆயிரமாயிரமாகக் கந்தளாயை நோக்கி நடந்தனர். ஆகஸ்டு 4 அன்று அங்கே ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு தமிழர்கள், ஒருவர் முஸ்லிம். அம்மாத இறுதியில் கண்காணிப்புக் குழு, இதற்குப் பொறுப்பு அரசுப் படையினரே எனத் தீர்ப்புரைத்தது. அரசு அதை மறுத்தது. அக்கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. பட்டியலில் இதுவும் ஒரு கோடுதான்.

அப்படியானால் இத்தகைய சாட்சிகளால் பயன் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்களின் வாதத்தில் வலுவும் உண்டு. ஆயுதமற்ற அயலார் வந்து நின்றதால் மக்கள் பொய்யான நம்பிக்கை கொண்டனர். அந்த நிழலில் இரு தரப்பும் அடுத்த போருக்கு ஆயத்தம் செய்துகொண்டன. தீமையைத் தடுக்க இயலாதவன் அதைக் குறித்து வைப்பதால் யாருக்கு என்ன நன்மை என்பது அவர்களின் கேள்வி.

இதற்கு மறுமொழியை நூல்களில் தேட வேண்டியதில்லை, நடந்தவையே மறுமொழி. 2008 ஜனவரி 2 அன்று அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது, அம்மாதம் 16ஆம் நாளோடு ஒப்பந்தம் முடிந்தது, கண்காணிப்பாளர்கள் கப்பலேறினர். அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. ஊழியரும் வன்னியைவிட்டு வெளியேறுமாறு அரசால் பணிக்கப்பட்டனர். அப்போது கிளிநொச்சி மக்கள் அவர்களின் அலுவலக வாசலில் திரண்டு, போகாதீர்கள் என்று கெஞ்சினர். அந்த அயலாரால் ஒரு குண்டையும் தடுக்க முடியாது என்பதை அம்மக்கள் அறியாதவர்களா? அறிந்தே கெஞ்சினர். பார்ப்பவர் இருக்கும் இடத்தில் கொல்பவனின் கை சற்றே தயங்கும் என்பதை அவர்கள் உடலால் உணர்ந்திருந்தனர். அதன்பின் 2009 மே வரை நடந்தது உலகறிந்தது. மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. இருக்கலாம் என்றே கூற முடிந்தது. எண்ணுவதற்கு அங்கே எவரும் விடப்படவில்லை.

சாட்சிகளால் நன்மை விளைந்த இடமும் உண்டு. சுமத்திராவின் ஆச்சே மாநிலத்தில், ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஆகஸ்டில் இந்தோனேசிய அரசும் விடுதலை இயக்கமும் ஹெல்சிங்கியில் உடன்பட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து அனுப்பிய ஆயுதமற்ற குழுவின் கண்முன் இயக்கத்தின் 840 ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன; 2006 டிசம்பரில் குழு தன் பணி முடித்து வீடு திரும்பியது. அங்கே இரு தரப்பும் சமாதானத்தை விரும்பின. ஹெப்ரானில் நிலை வேறு. 1994இல் இப்ராஹீமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேர் கொல்லப்பட்டதை அடுத்து, அங்கும் அயல்நாட்டுக் கண்காணிப்பாளர் வந்தனர். அவர்களின் அறிக்கைகள் சம்பந்தப்பட்ட தரப்புகளுக்கும் அனுப்பிய நாடுகளுக்கும் மட்டுமே சென்றன. மக்கள் பார்வைக்கு வரவில்லை. 2019இல் இஸ்ரேல் அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க இயலாத கம்புகட்டி, வாய்க்காலைப் பார்த்து என்ன பயன்?

ஆக, சாட்சி தனியே எதையும் காப்பதில்லை. காப்பது, சாட்சியைக் கேட்கும் செவி. ஹுதைபிய்யா உடன்படிக்கையில் இரு தரப்பாரும் சாட்சியிட்டனர் என்பது நாமறிந்த வரலாறு. கையெழுத்தின் மை உலருமுன் விலங்கோடு ஓடிவந்த அபூ ஜந்தலைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததும் நாமறிந்ததே. தமக்கு வலித்தபோதும் வாக்கைக் காத்தார்கள். சாட்சிக்கு மதிப்பு வருவது அத்தகைய மனத்திடம்தான்.

இனி நம்மைப் பற்றி. பாக் நீரிணையின் இக்கரையில் இருந்து நாம் அந்த ஆறு ஆண்டுகளையும் செய்தித்தாளில் படித்தோம். எப்படிப் படித்தோம்? மொழியால் உறவு கொண்டாடியபோது காத்தான்குடியை வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டினோம். சமயத்தால் உறவு கொண்டாடியபோது தமிழ்த் தாயின் காணாமற்போன பிள்ளையை வாசிக்காமல் புரட்டினோம். மூதூரில் விழுந்த பதினேழு பேரில் நம்மவர் யார் என்று தேடினோம். அயல்நாட்டுக் கண்காணிப்பாளரின் அறிக்கை நமக்குப் பிடித்ததைச் சொன்னபோது அவர் நேர்மையாளர். பிடிக்காததைச் சொன்னபோது விலைபோனவர். அந்தப் பேரூரின் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம் என்பதை மறந்தோம்.

நம் மஹல்லாவில், நம் குடும்பச் சொத்துப் பிரிவினையில், நம் தெருவின் சச்சரவில் நாள்தோறும் ஒரு சாட்சி வந்து நிற்கிறார். எதிரியைப் பற்றி அவர் சொல்லும் உண்மையை ஏற்பது எளிது. நம்மைப் பற்றி, அதுவும் நம் உப்பைத் தின்றவரே சொல்லும்போது, ஏற்பதுதான் அரிது. பாட்டனார் அன்று வழிநெடுகப் பேசாமல் வந்தார். அந்த மௌனத்தில் அவர் எதனுடன் போராடினாரோ, அதனுடன் நாமும் போராட வேண்டியிருக்கிறது. அறுவடைக்குப் பின் அவர் கூடுதலாக அளந்த அந்த ஒரு மரக்கால் நெல் யாருக்கு உரியது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்கிறேன்.