விதியும் கிணற்றுக்கட்டும்

யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு ஒன்றும் இன்மையாற் கிணறே வளவுதோறும் உயிர்நிலையாம். கட்டில்லாக் கிணற்றிலே குழந்தை வீழ்ந்திறப்பின், “எல்லாம் விதி” என்று அமைவார் பலர். இது பொருந்துமா என ஆராய்வாம்.

பிராரத்தவினை நுகர்ந்தே தீரற்பாலது, அஃது உண்மை. ஆயினும், அவ்வினை இன்னதென முன்னறிதல் நம்மால் இயலாது. நாம் அறியக்கிடப்பது நம் கடமை ஒன்றே. விதி என்னுஞ் சொல்லுக்கு நூல் விதித்த கடமை என்பதும் பொருளன்றோ? அதனை அறிந்தும் செய்யாது விடுதல் நமக்கு ஆகாமியமாய் ஏறும். குழந்தையின் வினையைக் காட்டி நமது குற்றத்தை மறைத்தல் நீதியன்று.

சீகாழிக் குளக்கரையில் அழுத திருஞானசம்பந்தப் பிள்ளையாருக்கு உமையம்மையார் எழுந்தருளிப் பாலூட்டினாரே எனின், அஃது அவர் முற்றவத்தின் பயன். அவ்வருளை எதிர்நோக்கிக் குழந்தையைத் தனியே விடுதல் இறைவனைச் சோதித்தலாம். சாணளவிற் குறைந்த நீரும் சிறு குழந்தையின் உயிரைச் சில நிமிடத்திற் போக்கும். அழுகுரலும் பெரும்பாலும் கேளாது.

ஆதலின், குழந்தை ஏறவொண்ணாத உயரத்திற்குக் கட்டெழுப்புக. கிணற்று வாயை மூடுக. நீர் நின்ற வாளியைக் கவிழ்த்து வைக்க. பிள்ளையை இழந்து வருந்துவாரைக் குறைகூறுதற்கு இதனை எழுதினேமல்லேம். பிள்ளை இன்னும் முற்றத்தில் விளையாடும் இல்லத்தார்க்கே எழுதினேம். சிவன் நம்மிடத்து ஒப்பித்த உயிரைக் காத்தலும் சிவபுண்ணியமே என்க.