பகைவனைப் போற்றிய தளபதி

1940 ஏப்ரல் 8. கொந்தளிக்கும் நார்வேக் கடல். டிரான்ட்ஹைம் நகரைப் பிடிக்கப் படைவீரரை ஏற்றிச் செல்கிறது 'அட்மிரல் ஹிப்பர்' எனும் ஜெர்மானியப் பெரும் போர்க்கப்பல். எதிரே 'குளோவொர்ம்' என்ற சிறிய ஆங்கில நாசகாரி! குண்டடிபட்டுப் புகைந்து, ஹிப்பரின் விலாவிலே மோதி, மூழ்கிற்று அது.

வென்றவர் ஹெல்முத் ஹையே என்ன செய்தார்? கப்பலை நிறுத்தினார், தத்தளித்த பகைவரைக் கரையேற்றுவதுபோல் கயிறு வீசித் தூக்கச் செய்தார். ஆங்கிலக் கப்பல்தலைவர் ரூப், கயிற்றைப் பற்றியும் வலுவிழந்து விழுந்து மாண்டார். அவருடைய வீரத்தைப் புகழ்ந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே எதிரிநாட்டுக்கே செய்தி அனுப்பினார் ஹையே. 1945-இல் ரூப்புக்கு விக்டோரியாச் சிலுவை கிடைத்தது.

பண்பாளர்தான், ஐயமில்லை. ஆனால் தோழர்களே, அந்தப் பண்பாளர் புறப்பட்டது எதற்கு? போரிலே சேராதிருந்த நார்வேயை விழுங்க! எதிரியின் வீரத்தைக் கண்ட கண்ணுக்குத் தம் தரப்பின் அநீதி தெரியாமற் போனது எப்படி?

1944-இல் சிறுகலப் படைக்குத் தலைவரானார் அவர். வெடிமருந்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனிதனை உட்கார வைத்த டார்ப்பிடோ. அடியிலே வெடிக்கும் டார்ப்பிடோ இன்னொன்று. தலைக்கு மேல் ஒரு கண்ணாடிக் குமிழ், அவ்வளவே! மூழ்கி ஒளியவும் இயலாது. நார்மண்டிக் கடலுக்கு அதிலே சென்று திரும்பாத இளைஞர் பலர். பகைவனுக்குக் கயிறு வீசிய கை, சாய்ந்துகொண்டிருந்த கொடுங்கோலுக்காகச் சொந்தப் பிள்ளைகளைக் கடலில் இறக்கிற்று. இதைத்தான் கடமை என்கிறார்கள்!

1953-இல் கிறித்துவ சனநாயகக் கட்சியின் சார்பில் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் புகுந்தார். 1961-இல் படைத்துறைக்கான நாடாளுமன்ற ஆணையரானார். கடைநிலைப் படைவீரனும் மேலதிகாரியைக் கேளாமல் நேரே முறையிடத்தக்க பதவி அது. 1956-இல் அரசியற் சட்டத்தைத் திருத்தி ஏற்படுத்தியது. 1963-இல் நாகோல்டு முகாமில், அணிநடைப் பயிற்சியில் சுருண்டு விழுந்த புதுவீரன் ஒருவன் இறந்தான். பயிற்சியாளர்களின் கொடுமைகள் வெளிவந்தன. ஹையேயின் அறிக்கைக்கு நாடாளுமன்றம் போதிய செவி சாய்க்கவில்லை. 1964-இல் 'குவிக்' என்ற வார இதழிலே எழுதினார்: அரசுக்குள் அரசாகப் படை மாறும் போக்கு தெரிகிறது என்று! தம் கட்சியினரே சினந்தனர். அவ்வாண்டு நவம்பரில் பதவி விலகினார்.

அன்று வாய்மூடி நின்றவர் பின்னாளில் பேசினால் கணக்கு நேராகுமா? ஆகாது என்போம் நாம். மாண்டவர் பெயரில் அதை வரவு வைக்க முடியாது. ஆயினும், கொட்டடியில் வதைபட்ட புதுவீரனுக்குச் சொன்னவர் யாரென்பதா பெரிது?

இன்னொன்றும் எண்ணுகிறோம். இட்லரின் நாளில் உண்மைக்கு விலை தூக்குக்கயிறு. ஹையே அதைக் கொடுக்கவில்லை. 1964-இல் விலை ஒரு நாற்காலி; 69 வயதில் கொடுத்தார். மலிவான வீரம் என்று நகைப்போர் உண்டு. நகைக்கட்டும்! உண்மையின் விலை நாற்காலியளவுக்கு இறங்கிய நாட்டைத்தானே நாம் நல்ல நாடென்கிறோம்?

1970-இல் ஹையே மறைந்தார். ஆணையர் பதவி இன்றும் இருக்கிறது. படைவீரனின் மடல், மேலதிகாரியின் கைபடாமல் அங்கே போய்ச் சேருகிறது.