விசிறிப் பனையும் நம் கடனும்

ஓர் உயிரை அது பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து நம் வாசலுக்குக் கொண்டுவரும்போது நமக்கு எத்தகைய கடமை ஏற்படுகிறது? தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் எனத் தென்புறநகரில் வீடு கட்டிக் குடியேறிய நாம் இதைப் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. நாற்றுப்பண்ணையின் நிழல்வலைக்கடியில் விசிறிப் பனை நிற்கிறது. மடிப்பு மடிப்பாக, ஏறத்தாழ முழுவட்டமாக விரிந்த அதன் இலை கண்ணைப் பறிக்கிறது; வாங்கி வந்துவிடுகிறோம்.

தாவரவியலார் லிக்குவாலா கிராண்டிஸ் என்றழைக்கும் இப்பனை, பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவுகளுக்கு உரியது. மழைக்காட்டுப் பெருமரங்களின் அடியில், ஈரக்காற்றில் வளர்வது. நம் ஊரிலோ ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் மாதக்கணக்கில் மழை எட்டிப் பார்ப்பதில்லை. கத்தரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைக் கண்டது. கடற்காற்று எழாத நாள்களில் மேற்கிலிருந்து அனல் வீசும். போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர். இலையின் விளிம்பு முதலில் பழுக்கிறது, பிறகு கருகுகிறது.

அப்போது நாம் கத்தரிக்கோலை எடுத்து, வட்டம் குலையாதபடி கருகிய ஓரத்தை நறுக்கிவிடுகிறோம். வருவோர் கண்ணுக்குச் செடி நலமாயிருக்கிறது. அறக்கேள்வி இங்கேதான் பிறக்கிறது என்போம். வாயில்லா அவ்வுயிர் தன் நிலையைச் சொல்ல அந்த விளிம்பைத் தவிர வேறு வழியில்லை. விருந்தினர் வரும் நாளில் நோயுற்ற முதியவரை உள்ளறைக்கு அனுப்பிவிடும் வீடுகளை நாம் அறியாதவர்களா?

அயல்நாட்டுச் செடி என்பதே குற்றமாகாது. பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மே மாதச் சாலைகளில் சிவக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கருக்குரியது. அவை இங்கே வேரூன்றித் தம் காலில் நிற்கின்றன. விசிறிப் பனையோ, கோடையில் நாம் ஒரு வாரம் வெளியூர் சென்றால் வாடிவிடும். ஏரிக்கரையில் நிற்கும் நம் பனையும் விசிறி இலை கொண்டதே. யாரும் ஒரு குடம் ஊற்றாமலே அது அதே கோடையில் நுங்கு தருகிறது. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021இல் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று! மனைப்பிரிவுக்காகப் பனையை வீழ்த்திவிட்டு, நுழைவாயிலில் வேற்றுநாட்டுப் பனையை நட்டு அழகுபார்க்கும் விந்தையை என்னவென்பது?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. சூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. புறநகர்த் தெருக்களில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. அந்நாளில் அலங்காரச் செடிக்கு நீர் வார்ப்பது தகுமா? தகாது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயினும் தன்னை அழைத்துவரும்படி அது நம்மைக் கேட்கவில்லையே. கொண்டுவந்த நமக்கே அந்தக் கடன் உரியது. அதை அண்டை வீட்டாரின் குடத்திலிருந்து அடைக்கலாகாது, அவ்வளவே.

நம் பங்கிலிருந்து அடைக்க வழிகள் உண்டு. மாமர நிழலில், காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் வைக்கலாம். தூரில் தென்னை நார்க்கழிவைப் பரப்பலாம். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பில்லை. தெருவுக்கு அனலைத் தள்ளும் அப்பொறி இந்த ஓர் உபகாரமாவது செய்கிறது. அடியில் ஒரு வாளி வைத்தால் ஒரு தொட்டிக்குப் போதும். விளிம்பு அப்போதும் சிறிது கருகும். அதை நறுக்காமல் விட்டு, அடுத்த குருத்து விரியும் விதத்தைப் பார்த்து நீரின் அளவையும் நிழலையும் மாற்றிக்கொள்ளலாம்.