குறைவது எவருடைய பங்கு?

உற்சவ காலங்களில் பெருமாளுக்கு நடைபெறும் திருவாராதனத்திற்கு அடுத்தபடியாக அடியார்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது ததீயாராதனமே ஆகும். பகவானுடைய அடியார்களை அமுது செய்விக்கும் கைங்கரியத்திற்குப் பெரியோர் இட்ட பெயர் அது. ஆராதனம் என்ற சொல்லே அங்கும் வழங்குவதால், இலையின் முன் அமர்ந்தவர் இரப்பவர் அல்லர், ஆராதிக்கப்படுபவர் என்பது விளங்கும். இத்தனை உயர்ந்த காரியத்தில் சங்கடமான கேள்வி ஒன்று ஆண்டுதோறும் எழுகிறது. வந்திருப்போர் ஆயிரம் பேர். சேர்ந்த பொருளோ அறுநூறு பேருக்குத்தான் காணும். எங்கோ ஒரு குறைவு நேர்ந்தே தீரும். அக்குறைவு எவருடைய இலையில் விழுவது தருமம்?

அரக்கோணம் சுற்று வட்டாரத்தில் இக்கேள்வி மிகவும் கூர்மையானது. தென்னாட்டின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது இவ்வூர் வழியாகவே சென்றது. அன்று முதல் இது பல திசைப் பயணிகளும் கூடும் இடம். கார்த்திகை மாதத்தில் சோளிங்கர் யோக நரசிம்மரைச் சேவிக்கச் செல்லும் கூட்டத்தில் ஒரு பெரும் பகுதி இங்கே இறங்கித்தான் பேருந்து ஏறுகிறது. 2024-ஆம் ஆண்டு கம்பிவட ஊர்தி வந்த பின்னரும், 1305 படிகளையும் நடந்தே ஏறி இறங்குவோர் பலர். பசியோடு மலையிலிருந்து இறங்கி வருபவர் எத்தனை பேர் என்று முன்கூட்டி எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. 2002-ஆம் ஆண்டு தமிழகத் திருக்கோயில்களில் ஏற்பட்ட அன்னதானத் திட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வகுத்துக்கொள்ள முடிந்தது. உற்சவப் பந்தலில் அது நடவாது. ஒரு ரயில் வந்து நின்றால் ஒரு பந்தி கூடிவிடும்.

இந்நிலையில் பெரும்பாலும் நடப்பது யாது? முதற்பந்தியில் வடையும் திருக்கண்ணமுதும் நெய்யும் குறைவின்றிச் சாதிக்கப்படுகின்றன. மூன்றாம் பந்தியில் வடை பாதியாகிறது. ஐந்தாம் பந்தியில் சாத்தமுதில் வெந்நீர் கலக்கிறது. கடைசிப் பந்தியில் கரண்டியே சிறுத்துவிடுகிறது. இதனைத் தமிழில் பந்தி வஞ்சனை என்றும் வடமொழியில் பங்க்தி பேதம் என்றும் சொல்லிப் பெரியோர் பெருங்குற்றமாகக் கண்டித்தனர். ஆயினும் அதைச் செய்பவர் எவரும் வஞ்சிக்க நினைத்துச் செய்வதில்லை. பொருள் தீர்ந்தது, என் செய்வது என்பதே அவர் கூறும் சமாதானம். ஆனால் கடைசிப் பந்தியில் அமர்பவர் யார் என்று சற்றே உற்று நோக்க வேண்டும். பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணிய ஸ்ரீபாதம் தாங்கிகள், கைக்குழந்தையோடு மெல்ல மலையிறங்கிய தாய்மார், எச்சில் இலை எடுத்தவர், காலை முதல் அடுப்படியில் நின்றவர் ஆகியோரே அவர்கள். முதற்பந்தியிலோ நன்கொடை அளித்தோரும் பிரமுகர்களும். ஆகவே எவர் அதிகம் உழைத்தனரோ அவருடைய வயிற்றைக் கொண்டு உற்சவத்தின் பற்றாக்குறை நிரப்பப்படுகிறது. வரவு செலவு ஏட்டில் இச்செலவு எழுதப்படுவதேயில்லை.

வேறொரு வழியும் உண்டு. பொருள் போதாவிட்டால் பிறருடைய பொருளை எடுத்தாவது அடியார்க்கு இடலாமே என்பது. இதற்குத் திருமங்கையாழ்வாரின் சரித்திரத்தைச் சிலர் துணைக்கு அழைப்பர். குமுதவல்லி நாச்சியாரை மணம் புரிய விரும்பிய அவருக்கு அவ்வம்மை விதித்த நியமம், ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களை அமுது செய்விக்க வேண்டும் என்பது. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு முழுச் சாப்பாட்டிற்குக் காணும் என்பது சமையல் அறிந்தோர் கணக்கு. அதன்படி நாளொன்றுக்கு 126 கிலோ. ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 46 டன் அரிசி. பருப்பும் நெய்யும் கறியமுதும் இதில் சேரவில்லை. ஒரு குறுநில மன்னனின் கஜானா கரைந்து போனதில் வியப்பில்லை. சோழ அரசனுக்குச் செலுத்த வேண்டிய கப்பப் பொருளும் ததீயாராதனத்தில் செலவாயிற்று. அரசன் அவரைச் சிறை வைத்தான்.

இதன் பிறகு நடந்ததைத்தான் பலரும் விரைந்து கடந்து விடுகின்றனர். காஞ்சி வரதராஜப் பெருமாள் அவர் கனவில் தோன்றி, வேகவதி ஆற்றங்கரையில் புதையல் இருக்கும் இடத்தைக் காட்டியருளினார் என்பது குருபரம்பரை. அந்தப் பொருளைக் கொண்டு முதலில் நடந்த காரியம் கப்பம் செலுத்தியதே ஆகும். மீதியே ததீயாராதனத்திற்கு ஆயிற்று. தம் அடியார் தம் அடியார்களுக்காகச் செலவிட்ட பொருள் என்று எண்ணி, அரசனுடைய கணக்கைப் பெருமாள் கிழித்தெறியவில்லை. கடனை அடைக்க வழி செய்தார். பின்னர் ஆழ்வார் வழிப்பறியில் இறங்கியபோதும், மணவாளக் கோலத்தில் எதிரே வந்து பறி கொடுத்தவர் பெருமாளேதான். அந்தப் பறியின் முடிவில் ஆழ்வாருக்குக் கிடைத்தது திருமந்திரம். பிறர் பொருளால் இடும் அன்னம் சிறந்தது என்ற தீர்ப்பு அச்சரித்திரத்தில் எங்குமே இல்லை.

மளிகைக் கடையில் கடனாகச் சரக்கெடுத்து உற்சவத்தைச் சிறப்பாக நடத்திவிட்டு, அடுத்த உற்சவம் வரும் வரை பாக்கியைத் தீர்க்காமல் கடைக்காரரை நடக்கவிடும் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பது நலம். அந்தக் கடைக்காரரும் ஓர் உபயதாரர்தாம். அவரைக் கேளாமலே உபயதாரர் ஆக்கிவிட்டனர், அவ்வளவே. அவருடைய பெயர் அழைப்பிதழில் அச்சாவதும் இல்லை.

அப்படியாயின் எவருடைய பங்கைக் குறைக்கலாம்? மகாபாரதத்தில் அசுவமேத பர்வத்தில் வரும் கீரியின் கதை இதற்கு விடை கூறுகிறது. பஞ்ச காலத்தில் உஞ்சவிருத்தியால் வாழ்ந்த ஓர் ஏழை அந்தணர் குடும்பத்திற்கு அரிதாகக் கிடைத்த வாற்கோதுமை மாவை நால்வரும் நான்கு பங்காகப் பகிர்ந்து கொண்டனர். அவ்வமயம் அதிதி ஒருவர் வந்தார். அந்தணர் தம் பங்கை இட்டார், பசி தீரவில்லை. மனைவியும், மகனும், மருமகளும் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் பங்கை இட்டனர். ஒருவர் இன்னொருவரைக் கொடுக்கும்படி சொல்லவில்லை என்பது அங்கே முக்கியம். மனைவியின் பங்கை வாங்கக் கணவர் முதலில் கூசினார். அவளே வற்புறுத்தி அளித்தாள். அந்த மாவு சிந்திய தரையில் புரண்டு பாதி உடல் பொன்னான கீரி, தருமபுத்திரரின் யாகசாலையில் புரண்டும் மறுபாதி பொன்னாகவில்லை.

இதே தருமத்தைக் காண இவ்வட்டாரத்து மக்கள் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. அரக்கோணத்திலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் உள்ள திருவள்ளூரின் ஸ்தல புராணமும் இதுவேயன்றோ! முதியவராக வந்த பெருமாளுக்குச் சாலிஹோத்திர மகரிஷி அதிதியின் பங்கை இட்டார். பசி அடங்கவில்லை என்றதும் தமக்கென வைத்திருந்ததையும் இட்டார். உண்ட களைப்புத் தீரப் படுப்பதற்கு எவ்வுள் என்று கேட்டவருக்குத் தம்முடைய உள்ளையே காட்டினார்.

முனிவர் ஒருவரால் இயன்றது ஊர்ச்சபையால் இயலுமா என்று கேட்கலாம். இயன்றிருக்கிறது. திருமலைக் கல்வெட்டுகளில் விட்டவன் விழுக்காடு என்ற சொல் வழங்குகிறது. பெருமாளுக்குத் தளிகைக் கட்டளை ஏற்படுத்தியவருக்கு அப்பிரசாதத்தில் உரிய பங்கு அது. பெரும்பாலும் நான்கில் ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் காலத்தில், இந்த விழுக்காடு இராமானுச கூடங்களுக்கு விடப்பட்டு, யாத்திரை வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் அமுது செய்தனர். அக்கூடங்களைக் கண்காணித்தவர் கந்தாடை ராமானுச ஐயங்கார். இதற்காகத் தளிகை பெருகவுமில்லை, தேவஸ்தானத்தின் செலவு கூடவுமில்லை. கொடுத்தவர் தம் பங்கை நகர்த்தி வைத்தார், வழிப்போக்கர் உண்டார்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பந்தல் நடத்தும் இருபது பேர் தம் பங்கை விட்டுக் கொடுத்தால் இன்னும் இருபது பேர் உண்ணலாம். நானூறு பேர் உண்ண முடியாது. மீதிக் குறைவை எங்கே இறக்குவது? ஆளின் பங்கில் இறக்காமல் பண்டத்தின் எண்ணிக்கையில் இறக்குவதே நெறி. திருமடைப்பள்ளி அறிந்தவர்க்கு இது தெரிந்த செய்தி. பெருங்கூட்டத்தில் செலவை ஏற்றுவது அரிசியைக் காட்டிலும் நெய்யும் முந்திரியும் எண்ணெயும் பாலுமே. வடை, அப்பளம், இரண்டாவது கறியமுது, திருக்கண்ணமுது ஆகியவற்றை முதற்பந்தி முதலே விட்டுவிட்டால், குழம்பும் சாத்தமுதும் மோரும் கடைசி இலை வரை ஒரே தரத்தில் வரும். அன்று கிடைக்கும் பூசணியோ பரங்கியோ ஒரு கறியமுதுக்குப் போதும். அதற்கும் வழியில்லையெனில் புளியோதரை இருக்கவே இருக்கிறது. காய்ச்சிய புளிக்காய்ச்சலை முன்னதாகவே செய்து வைக்கலாம். கூட்டம் வர வர உலை ஏற்றிச் சாதம் வடித்துக் கலந்துகொள்ளலாம். இலையும் பந்தியும் இன்றித் தொன்னையில் அளிக்கலாம். அளவு குறையாமல் வயிறு நிறையுமா என்றால், ஒரு தொன்னையில் நிறையாது. இரண்டாவது தொன்னை கேட்பவரை முறைத்துப் பாராமலிருந்தால் நிறையும்.

இங்கே ஒரு தடை எழும். முதற்பந்தியில் வடை இல்லையென்றால் உபயதாரர் மனம் நோகும், அடுத்த ஆண்டு உபயம் நின்றுவிடும் என்பர். இது பொய்யான அச்சம் அன்று; உண்மையாகவே சிலர் நின்று விடுவர். ஆனால் ஐந்து பந்திக்கும் ஒரே இலை என்று முன்னதாகவே அவரிடம் சொல்லிவிட்டால் மகிழ்பவரே மிகுதி. சொல்லாமல் செய்வதால்தான் அவமதிப்பாகத் தோன்றுகிறது. அதனையும் பொறாதவர் நின்றுவிட்டால், அவர் இட விரும்பியது தமக்கே என்று அறிந்துகொள்ளலாம்.

இரண்டு முறை வந்து வாங்குபவர், வீட்டிலிருக்கும் குழந்தைக்கென்று பாத்திரம் நீட்டும் தாய் ஆகியோரைப் பற்றியும் புகார் சொல்வதுண்டு. பிரசாதம் வீட்டுக்குக் கொண்டு செல்வதற்கும் உரியதே. நோயுற்று வர இயலாதவர்க்கும் அது சேர வேண்டும். பணமுடை வந்தவுடன் பரிசாரகரின் குரல் உயர்வதைத்தான் அதிகம் கவனித்துத் தடுக்க வேண்டும். ஒரு பிடி சாதம் குறைந்ததை வந்தவர் மறந்து விடுவார். அடுத்தவர் எதிரே கேட்ட சுடுசொல்லை ஊர் போய்ச் சேர்ந்தும் மறவார்.

எல்லாம் தீர்ந்த பின்னும் ஒருவர் வருவார். அவருக்காக ஒரு மூட்டை அவலும் வெல்லமும் பிரிக்காமல் வைத்திருப்பது பழைய பந்தல்காரர்களின் வழக்கம். அவலுக்கு அடுப்பு வேண்டியதில்லை, மறுநாளும் கெடுவதில்லை. வெல்லத்தைக் கரைத்துச் சுக்கும் ஏலமும் இட்டால் நரசிம்மருக்கு உகந்த பானகம். நனைத்த அவலும் ஒரு குவளைப் பானகமும் கொடுத்து அவரை உட்கார வைத்த பிறகே, பந்தல் நடத்தியவர்கள் தங்கள் பங்கு அவலை நனைப்பார்கள்.