அளவுகோல் காணாதது

பாயின்டர் இன வேட்டை நாய் பறவையின் வாடை பட்டதும் பாய்வதில்லை. அத்திசையை நோக்கி அசையாது நிற்கும். அவ்வாறு நின்று காட்டுவதே அதன் பணி.

1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பாயின்டர், செட்டர் நாய்களுக்கெனக் கண்காட்சி நடந்தது. அங்கே தோற்றமே மதிப்பிடப்பட்டது. 1865-இல் பெட்ஃபர்டுஷயரில் இந்நாய்களின் வேலைத் திறன் திறந்தவெளியில் சோதிக்கப்பட்டது. கண்ணுக்கு எட்டுவது வேறு, களத்தில் விளங்குவது வேறு அல்லவா?

பிரித்தானிய இன இலக்கணம் ஆண் பாயின்டருக்கு 63 முதல் 69 செ.மீ. உயரம் வகுக்கிறது, அகன்ற நாசியும் ஆழ்ந்த மார்பும் வேண்டும் என்கிறது. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. நாசி மோப்பத்திற்கு, மார்பு நெடுநேர ஓட்டத்திற்கு. ஆயினும் நாசியின் அகலத்தைக் காணும் கண், மோப்பத்தின் நுண்மையைக் காண்பதில்லை. பாயத் துடிக்கும் உடலை அடக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டையும் காண்பதில்லை.

பணிக்காகப் பிறந்த அளவுகோல் பணியை மறக்கும்போதுதான் பிழை நேர்கிறது. விலங்கிற்கே இது பொருந்துமெனில், மனிதருக்கு எத்துணை பொருந்தும்! வருவோரின் உடையைக் கண்டு, நாற்காலி இடுவதா, வாசலில் நிறுத்துவதா என நானும் தீர்மானித்ததுண்டு. அன்று நான் அளந்தது அவர்களையா, துணியையா? அன்பு வாசகரே, இக்கேள்வி என்னோடு முடிந்துவிடுமா?